யோகப் பாயில் உட்கார்ந்து செபிக்கலாமா?

என் அண்ணி வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். ஒவ்வோர் ஆசனமும் ஒரு தெய்வத்துக்குச் செய்யும் வணக்கம் என்றும், கிறிஸ்தவர் ஒருவர் அதைச் செய்தால் தம்மை அறியாமலேயே தம் உடலை அந்தத் தெய்வத்துக்கு ஒப்புக்கொடுத்துவிடுகிறார் என்றும் அதில் ஒருவர் பேசுகிறார். காணொளிக்குக் கீழே அண்ணி ஒரே வரி எழுதியிருந்தார்: "உனக்காகச் செபித்துக்கொண்டிருக்கிறேன்."

அண்ணி வம்புக்கு எழுதுகிறவர் அல்லர். என் அண்ணனைக் கைப்பிடித்து எங்கள் தோட்டத்துக்கு வந்த நாள் முதல் என்னைக் கூடப் பிறந்தவளாகவே நடத்திவருகிறார். இப்போது ஈப்போவில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். நான் அப்பாவும் தாத்தாவும் இருந்த கத்தோலிக்கத் திருச்சபையிலேயே இருக்கிறேன். அவருடைய பயம் அன்பிலிருந்து வருகிறது. அதனால் இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. எங்கள் அன்பியத்திலும், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவிலும், சிலர் இதையே கேட்கிறார்கள். எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நான் இருக்கும் சுங்கை சிப்புட் தெரியாதவர்களுக்கு: மலேசியாவில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில், சுண்ணாம்புக் குன்றுகளைத் தாண்டி வரும் ஊர். சுற்றிலும் தோட்டங்கள். என் அம்மா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அந்த மரங்கள் நின்ற இடத்தில் இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கிறது. தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீட்டை விட்டு நாங்களும் தாமான் என்ற குடியிருப்புப் பகுதிக்கு வந்துவிட்டோம். யோக வகுப்பு தாமான் பொது மண்டபத்தில், திங்களும் வியாழனும் மாலையில் நடக்கிறது. நடத்துபவர் ஓய்வுபெற்ற தாதி. ஊரே அவரை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடும். மண்டபத்துக் கூரை தகரம். மழை பிடித்துக்கொண்டால் மிஸ்ஸி சொல்வது ஒன்றும் காதில் விழாது. அவருடைய கை ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் மூச்சை இழுப்போம், விடுவோம்.

நான் பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் குட்டி மேசைகளுக்கு மேல் குனிந்து குனிந்தே இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்காகத்தான் போனேன். இடுப்பு தேறியது. ஆனால் அண்ணியின் கேள்வி இடுப்பைப் பற்றியது அன்று. வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு என் செபம் மாறியது, அதுதான் விஷயம். முன்பெல்லாம் செபமாலையைக் கையில் எடுத்தால் முதல் தேவ இரகசியம் முடிவதற்குள் மனம் மறுநாள் சமையலுக்கும் பள்ளிக் கணக்குக்கும் போய்விடும். முதுகை நிமிர்த்தி, மூச்சைக் கவனித்து, அசையாமல் உட்காரப் பழகிய பிறகு, சொல்லுகிற செபத்தோடு என்னால் இருக்க முடிகிறது. இதை மறைத்து, "இடுப்பு வலிக்காகப் போகிறேன்" என்று மட்டும் சொன்னால் அண்ணியிடம் பாதியைத்தான் சொன்னவள் ஆவேன்.

"அது வெறும் உடற்பயிற்சிதானே!" என்று பல கிறிஸ்தவ நண்பர்கள் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை. மிஸ்ஸிக்கு அது வெறும் உடற்பயிற்சி அன்று. வகுப்பு தொடங்கும் முன் சின்ன விளக்கு ஒன்றை ஏற்றிவைத்து, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய அவர் நிற்பதைப் பார்க்கிறேன். அவர் பக்தியோடு தருவதைக் கையில் வாங்கிக்கொண்டு, அதில் பக்தியே இல்லை என்று வெளியே போய்ச் சொல்வது நன்றியுள்ளவர் செய்கிற காரியமா? மேலும் அது உண்மையும் இல்லை. யோக சூத்திரங்களை எழுதிய பதஞ்சலி வகுத்த எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. அதற்கு முன்னால் கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை எல்லாம் வருகின்றன. தூய்மையும் மனநிறைவும் ஈசுவரனிடம் தன்னை ஒப்படைப்பதும் வருகின்றன. பின்னால் மூச்சு, புலனடக்கம், மனத்தை ஒன்றில் நிறுத்துதல், தியானம், சமாதி. இத்தனையையும் உதறிவிட்டு முதுகை வளைப்பதற்கு மட்டும் யோகம் என்று பெயர் வைப்பது இந்தக் காலத்து வியாபாரம்.

காணொளிக்காரர் சொல்வதும் சரியில்லை, அண்ணி. பதஞ்சலி ஆசனத்தைப் பற்றி மூன்றே சூத்திரங்களில் பேசி முடித்துவிடுகிறார். இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறார், அவ்வளவுதான். எந்த வளைவு எந்தத் தெய்வத்துக்கு என்ற பட்டியல் எதுவும் அங்கே கிடையாது. இன்று வகுப்புகளில் செய்கிறவற்றில், குறிப்பாக நின்றபடி செய்பவற்றில், பெரும்பகுதி 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் கற்பித்ததிலிருந்தும் அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் போன்றவர்கள் வழியாகவும் உலகமெங்கும் பரவியது. மரம், மீன், வெட்டுக்கிளி, நாகம், கலப்பை என்றுதான் பல ஆசனங்களுக்குப் பெயர். வீரபத்திரர் பெயரிலும் நடராசர் பெயரிலும் ஆசனங்கள் உண்டு. சூரிய நமஸ்காரத்தின்போது சூரியனின் திருப்பெயர்களைச் சொல்லும் வழக்கமும் உண்டு. அதையும் மறைக்க மாட்டேன்.

அதனால்தான் சேர்ந்த புதிதிலேயே மிஸ்ஸியிடம் பேசினேன். மந்திரம் சொல்லும்போது நான் வாய் திறக்க மாட்டேன், விளக்கைக் கும்பிட மாட்டேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். மிஸ்ஸி பாயைச் சுருட்டிக்கொண்டே, "நீங்கள் உங்கள் சாமியையே கும்பிடுங்கள், டீச்சர். கூன் போடாமல் கும்பிடுங்கள்" என்றார். சூரிய நமஸ்காரத்தில் மற்றவர்கள் சூரியனின் பெயர்களைச் சொல்லும்போது நான் மனத்துக்குள் 19ஆம் திருப்பாடலைச் சொல்லுகிறேன். வானங்கள் இறைவனின் மாட்சியைப் பறைசாற்றுகின்றன என்று தொடங்கும் அந்தப் பாடலில், மணவறையிலிருந்து புறப்படும் மணமகனைப் போல் சூரியன் வருகிறது. அதற்குக் கூடாரம் அமைத்துக் கொடுத்தவர் கடவுள். சூரியனைப் பார்த்து நிற்பதில் எனக்கு உறுத்தல் இல்லை. அதைப் படைத்தவரை வாழ்த்திக்கொண்டு நிற்கிறேன்.

என் அப்பா இதை எனக்குச் சோற்றில் கற்றுக்கொடுத்தார் என்றே சொல்ல வேண்டும். தோட்டத்தில் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தால் லயம் முழுக்கக் கூழும் பலகாரமும் வீட்டுக்கு வீடு போகும். பக்கத்து வீட்டு அத்தை, அடுப்பிலிருந்து இறக்கியதில் எங்களுக்கென்று முதலிலேயே ஒரு தூக்கில் ஊற்றி வைத்துவிடுவார். மீதிதான் படையலுக்குப் போகும். அப்பா கேட்டு வாங்கிய வழக்கம் அன்று, அத்தையே செய்தது. நாங்கள் கிறிஸ்துமஸ் பலகாரம் கொண்டுபோனால் அவர்கள் வீட்டில் நல்ல தட்டில் மாற்றி வைத்துக்கொள்வார்கள். படையலில் வைத்ததை நாங்கள் உண்பதில்லை. அதற்காக அத்தை வீட்டுச் சோற்றை மறுத்ததும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டைப் படிப்பறியாத அந்த அத்தை எவ்வளவு நுட்பமாகப் புரிந்துவைத்திருந்தார் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

புனித பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதியதும் இதே சிக்கலைத்தான். முதல் திருமுகத்தின் 8ஆம், 10ஆம் அதிகாரங்களைப் பாருங்கள். சிலைக்குப் படைத்த உணவைப் பற்றிய கேள்வி அது. நம்பிக்கை கொள்ளாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால், உங்கள்முன் வைப்பதைக் கேள்வி கேட்காமல் உண்ணுங்கள் என்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவருடைய மனச்சான்றின் பொருட்டு உண்ணாதீர்கள் என்கிறார். உணவுக்குத் தனியாக ஒரு சக்தி இருப்பதாக அவர் பயப்படவில்லை. யாரை வழிபடுகிறோம் என்பதில் கண்டிப்பாக இருக்கிறார். பக்கத்திலிருப்பவரின் மனச்சான்றையும் காயப்படுத்தக் கூடாது என்கிறார். அண்ணி வீட்டுக்குப் போகும்போது அவர் கண்முன் நான் பத்மாசனத்தில் உட்காருவதில்லை. ஒளிப்பதற்காக அன்று. பவுல் சொன்ன அந்த இரண்டாவது பாதி எனக்கு அண்ணிதான்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்த விவாதம் புதியதே அன்று. மதுரையில் காவி உடுத்திச் சந்நியாசியாக வாழ்ந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி மீது, பூணூலும் குடுமியும் சந்தனமும் புறச்சமயச் சின்னங்கள் என்று உடன் குருக்களே குற்றம் சாட்டினார்கள். வழக்கு ரோமாபுரி வரை போய், 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி நிபந்தனைகளோடு அவற்றை அனுமதித்தார். அடுத்த நூற்றாண்டில் மறுபடியும் கெடுபிடி வந்தது என்பது வேறு கதை. இன்று எங்கள் ஆலயத்தில் உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்கு நிற்கிறது. பொங்கல் திருப்பலியில் ஆரத்தி எடுக்கிறோம். இவற்றையும் ஒரு காலத்தில் பயத்தோடு பார்த்தவர்கள் இருந்தார்கள்.

திருச்சபை யோகத்தைப் பற்றி நேராகவே பேசியிருக்கிறது. 1989 அக்டோபர் 15 தேதியிட்டு வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு அனுப்பிய மடலில் கையெழுத்திட்டவர் கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட். ஜென், ஆழ்நிலைத் தியானம், யோகம் மூன்றையும் அந்த மடல் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கிறிஸ்தவ செபத்தின் பொருள் மங்காதவரை இவற்றிலிருந்து பயனுள்ளதை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. கூடவே ஓர் எச்சரிக்கை. உடல் தளர்ந்து உள்ளே இதமும் வெளிச்சமும் தோன்றுவதைத் தூய ஆவியின் ஆறுதல் என்று எண்ணிவிடாதீர்கள். உடல் நிலையே சிலையாகிவிடவும் கூடும் என்கிறது.

இந்த எச்சரிக்கையை நான் மனத்தார ஏற்கிறேன். சவாசனத்தில், அசையாமல் மல்லாந்து, கிடந்து எழும்போது ஓர் இதம் வருகிறது, உண்மை. அது நல்ல தூக்கத்தைப் போன்ற ஓர் உடல் நன்மை; அதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லலாம், அதையே கடவுள் என்று சொல்லக் கூடாது. வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும், படுக்கையில் இருக்கும் மாமியார் சோறு குழைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளும்போது என் குரல் எப்படி எழுகிறது என்பதில்தான் அருள் இருக்கிறதா என்று தெரியும்.

யோகத்தோடு நான் பிரியும் இடமும் ஒன்று இருக்கிறது. அதை மிஸ்ஸியிடமே சொல்லியிருக்கிறேன். பதஞ்சலியின் வழி முடிவது கைவல்யத்தில்: ஆன்மா இயற்கையிலிருந்து, ஆகவே உடலிலிருந்தும், முற்றிலும் விடுபட்டுத் தனித்து நிற்கும் நிலை. எனக்கு அந்தத் தனிமை வேண்டாம். ஞாயிறுதோறும் "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்று அறிக்கையிடுகிறவள் நான்.

எங்கள் வகுப்பில் எழுபதைக் கடந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். வாழ்நாள் முழுக்கப் பால் மரத்தில் கழித்தவர். மிஸ்ஸி எங்களைக் குந்தி உட்காரச் சொன்னால் நாங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு தவிப்போம். பாட்டி பொத்தென்று குந்தி, மழை வருமா என்று சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் சவாசனத்தில் கை கால்களைத் தளர விடுங்கள் என்றால் அவருக்கு முடியாது. மல்லாந்து படுத்திருப்பார், கண் மூடியிருக்கும், வலது கை மட்டும் பால் வெட்டும் கத்தியைப் பிடித்தபடியே மடங்கி நிற்கும். கத்தியைக் கீழே வைத்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் விரல்கள் விடவில்லை. மிஸ்ஸி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சுண்டு விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நீவி விரிப்பார். கட்டை விரல் கடைசியில் வரும். உள்ளங்கையில், கத்திப் பிடி அழுத்திய இடத்தில், தோல் இன்னும் மஞ்சளாகக் காய்த்திருக்கிறது.

அந்தக் கையை விட்டு விடுபடுவதுதான் மீட்பு என்று என்னால் நம்ப முடியாது. உயிர்த்த இயேசு தம் கைகளைக் காட்டினார். ஆணித் தழும்பு அவற்றில் இருந்தது. என் அம்மாவுக்கும் அப்படி ஒரு கை இருந்தது. காலைப் பெரட்டுக்கு, வேலையாள் கணக்கெடுப்புக்கு, இருட்டில் எழுந்து போன அந்த உடல்களை யாரும் கோவில் என்று சொன்னதில்லை. தோட்டத்துத் துரையும் சொல்லவில்லை, கணக்கு எழுதும் கிராணியும் சொல்லவில்லை. பவுல் சொன்னார், நம் உடல் தூய ஆவி குடியிருக்கும் கோவில் என்று. ஆலயத்தில் நான் காதால் கேட்டுவந்த அந்த வசனத்தை, கண்ணால் பார்த்தது ஓர் இந்துத் தாதி ஓர் இந்துப் பாட்டியின் விரலை நீவியபோது. இதைச் சொல்லத்தான் அண்ணி, இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்படியானால் உடலையும் மூச்சையும் கொண்டு செபிப்பது நமக்குப் புதிதா? புனித வெள்ளியன்று குருவானவர் பீடத்துக்கு முன் முகம் தரையில் பட விழுந்து கிடக்கிறார். நாம் முழங்காலில் நிற்கிறோம். லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில், மூச்சுக்கு ஒரு சொல்லாகக் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லும் முறையைக் கற்றுக்கொடுத்தார். கீழைத் திருச்சபைத் துறவிகள் இயேசுவின் திருப்பெயரை மூச்சோடு சேர்த்துச் சொல்லிவருகிறார்கள். நம்மிடமும் இருக்கிறது; ஆனால் தோட்டத்து மறைக்கல்வி வகுப்பில் யாரும் அதை எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

இந்த மண்ணிலேயே நடந்த ஒன்றை நம் தமிழ்க் கத்தோலிக்கர்களில் பலர் கேள்விப்பட்டதில்லை. 1950களின் நடுவில் பிரிட்டிஷ் காலனி நிர்வாகத்தில் வேலை பார்க்க மலாயா வந்த ஜான் மெயின் என்ற கத்தோலிக்க இளைஞர், அலுவல் நிமித்தமாகச் சுவாமி சத்தியானந்தாவைப் பார்க்கப் போனார். கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவி ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்துவந்தவர் சுவாமி. அலுவல் முடிந்து பேச்சு செபத்தின் பக்கம் திரும்பியது. தனக்குத் தியானம் கற்றுத்தர முடியுமா என்று இளைஞர் கேட்டார். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி அசையாமல் உட்கார்ந்து ஒரு மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார் சுவாமி. நீங்கள் கிறிஸ்தவர், ஆகவே உங்கள் மந்திரமும் கிறிஸ்தவ மந்திரமாகவே இருக்க வேண்டும் என்றார். தம் தெய்வத்தின் பெயரை அவர் கையில் திணிக்கவில்லை.

மெயின் பிறகு 1959இல் லண்டனில் பெனடிக்டின் மடத்தில் சேர்ந்தார். நவதுறவிகளுக்குப் பொறுப்பானவர் இந்த முறையை விடச் சொன்னார், கீழ்ப்படிந்து விட்டுவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பின், பழங்காலத் துறவியான காசியானின் எழுத்துகளைப் படித்தபோது, திருப்பாடலின் ஒரே அடியை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் செபத்தை அங்கே கண்டார். சுவாமி கற்றுத்தந்தது தம் திருச்சபையின் பழைய பெட்டகத்திலேயே கிடந்திருக்கிறது! 1975இல் லண்டனில் அதைக் கற்பிக்கத் தொடங்கினார். 1982இல் மாண்ட்ரியலில் இறந்தார். "மாரநாதா", ஆண்டவரே வாரும் என்ற தொடக்க காலக் கிறிஸ்தவர்களின் மன்றாட்டைச் சொல்லித் தியானிக்கும் குழுக்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. அதற்கு விதை விழுந்தது கோலாலம்பூரில். அந்த வெள்ளைக்காரர் தம் கிறிஸ்துவிடம் இன்னும் நெருங்க வழி காட்டியவர் ஓர் இந்துத் துறவி என்பதில் எனக்கு ஒரு மலேசியத் தமிழச்சியாகப் பெருமை இருக்கிறது.

இன்னொன்றையும் தொட்டுவிட்டுப் போகிறேன். 2008 நவம்பரில் மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் முஸ்லிம்களுக்கு யோகம் கூடாது என்று அறிவித்தது. மந்திரம் இல்லாமல் உடற்பயிற்சியாகச் செய்வதில் தடையில்லை என்று அன்றைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி விளக்கம் சொன்னார். எங்கள் தாமானில் இருக்கும் மலாய்த் தோழி ஒருவர் வகுப்புக்கு வருவதில்லை. வேறு நாள்களில் என்னோடு நடக்க வருகிறார். தம் மார்க்கத்தின்படி அவர் எடுத்த முடிவை நான் மதிக்கிறேன். அண்ணியின் முடிவையும் அப்படித்தான். மனம் உறுத்துகிறவர்கள் யோகம் செய்ய வேண்டாம். உறுத்தலோடு செய்வது அவர்களுக்குக் கேடுதான். என்னைப் பார்த்து யாரும் சேர வேண்டும் என்று இதை எழுதவில்லை. ஆனால் "பேய் பிடிக்கும்" என்று மிஸ்ஸியின் காதுபட யாராவது சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

பங்குத்தந்தையிடம் இதையெல்லாம் பேசிவிட்டேன். அவர் நிறையக் கேட்டார், அந்த 1989ஆம் ஆண்டு மடலை எனக்கு அச்செடுத்துத் தந்ததும் அவர்தான். வரும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில், சிலுவைப்பாதைக்கு முன் இருபது நிமிடம், பங்கு மண்டபத்தில் மௌனமாக உட்கார்ந்து இயேசுவின் திருப்பெயரைச் சொல்லிச் செபிக்கப்போகிறோம். முதல் வெள்ளியன்று மிஸ்ஸி வந்து, முதுகும் முட்டியும் நோகாமல் எப்படி உட்காருவது என்று காட்டித்தருவார். அதன்பின் செபத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அண்ணியையும் அழைத்திருக்கிறேன். கீழே உட்கார மாட்டேன், பின்வரிசை நாற்காலியில் இருந்து செபிப்பேன் என்றார். நாற்காலிகள் போட்டிருக்கும். மாலை ஏழு மணிக்குத் தொடங்குகிறோம். பாய் கொண்டுவர வேண்டியதில்லை.